வாலைப் பார்த்து முடிவு செய்யும் எடிட்டர்கள்: வாசகர் கேள்வி பதில்

டெக்ஸ்ட் எடிட்டரில் போட்ட பிளகின், அதாவது எடிட்டருக்குக் கூடுதல் வசதி தரும் சின்ன மென்பொருள், ஒரு ஃபைலுக்கு வேலை செய்கிறது, இன்னொரு ஃபைலுக்குச் செய்யவில்லை என்ற வகைக் கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். பதிலுக்குப் போகும் முன் ஒரு சின்ன விளக்கம். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வருவதையும் எக்ஸ்டென்ஷன் என்கிறோம், வி.எஸ். கோட் என்ற எடிட்டரில் பிளகினுக்கும் எக்ஸ்டென்ஷன் என்றுதான் பெயர். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் தலை சுற்றும் என்பதால், பெயரின் கடைசியில் இருப்பதை இங்கே ‘வால்’ என்றே எழுதுகிறேன்.

கேள்வி: வி.எஸ். கோடில் ஜேசன் (தரவை எழுதி வைக்கும் ஒரு முறை) ஃபைல்களை ஒழுங்குபடுத்த ஒரு பிளகின் போட்டிருக்கிறேன். டாட் ஜேசன் என்று முடியும் ஃபைலில் அருமையாக வேலை செய்கிறது. நான் பயன்படுத்தும் இன்னொரு மென்பொருள் தன் அமைப்புகளை ஜேசன் வடிவில்தான் எழுதி வைக்கிறது, ஆனால் ஃபைல் டாட் டேட்டா என்று முடிகிறது. அதைத் திறந்தால் நிறமும் வரவில்லை, ஃபார்மேட்டும் ஆகவில்லை. பிளகினை மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன். — ஒரு வாசகர்

பதில்: நான்காவது முறை போட வேண்டாம். பிளகின் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் ஃபைல் அதன் கண்ணிலேயே படவில்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலான எடிட்டர்களில் நடப்பது இதுதான். ஃபைலைத் திறந்ததும் எடிட்டர் அதன் வாலைப் பார்த்து ‘இது ஜேசன்’, ‘இது பைத்தான்’ என்று ஒரு லேபிள் ஒட்டுகிறது. பிளகின்களோ, ‘ஜேசன் லேபிளோடு ஒரு ஃபைல் வந்தால் என்னை எழுப்பு’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுத் தூங்குகின்றன. டாட் டேட்டா என்ற வாலை எடிட்டருக்குத் தெரியாது, அதனால் ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்ற லேபிள் விழுகிறது, பிளகினை யாரும் எழுப்புவதில்லை. உள்ளே இருப்பது அப்பழுக்கற்ற ஜேசனாக இருந்தாலும் இதுதான் கதை.

அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். ‘பிளெயின் டெக்ஸ்ட்’ என்று இருக்கும். அதைக் கிளிக் செய்தால் மேலே ஒரு பட்டியல் திறக்கும். நேராக ஜேசன் என்று தேர்ந்தெடுத்தால் இப்போதைக்கு வேலை நடக்கும், ஆனால் அந்த வாலோடு நாளை வேறொரு ஃபைலைத் திறக்கும்போது மறுபடி இதே பாடு. அதற்குப் பதில், அதே பட்டியலில் ‘கான்ஃபிகர் ஃபைல் அசோசியேஷன்’ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து அப்புறம் ஜேசனைக் காட்டுங்கள். செட்டிங்ஸில் ‘ஃபைல்ஸ் டாட் அசோசியேஷன்ஸ்’ என்ற இடத்தில் அது எழுதப்பட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: டாட் டேட்டா என்பது எத்தனையோ மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளும் பொதுவான வால். அதனால் இந்த வரியை உங்கள் பொது செட்டிங்ஸில் வைக்காமல், அந்தப் ப்ராஜெக்டின் வொர்க்ஸ்பேஸ் செட்டிங்ஸில் வைப்பதுதான் நல்லது.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து நீங்கள் அங்கேதான் போய் நிற்பீர்கள். அந்த ஃபைலுக்குள் இரட்டைச் சாய்கோடு போட்டுக் குறிப்புகள் எழுதியிருந்தால் சிவப்புக் கோடுகள் வரும், ஏனென்றால் முறையான ஜேசனில் குறிப்பு எழுத இடமே கிடையாது. ‘ஜேசன் வித் காமென்ட்ஸ்’ என்று வி.எஸ். கோடில் தனியாக ஒரு லேபிள் இருக்கிறது, அதை ஒட்டினால் சிவப்பு மறையும். ஆனால் அது வேறு லேபிள். வெறும் ‘ஜேசன்’ லேபிளுக்கு மட்டும் பதிந்துகொண்ட பிளகின் அதற்கு எழும்பாது. அதைவிட முக்கியம், சிவப்பு மறைந்ததால் ஃபைல் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கடைசியில் படிக்கப்போவது உங்கள் எடிட்டர் அல்ல, அந்த மென்பொருள். அது குறிப்புகளை ஏற்குமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: விம் எடிட்டரில் லேடெக் (ஆவணங்களைக் கட்டளைகளால் வடிவமைக்கும் முறை) எழுதுகிறேன். பழைய ஃபைல்களைத் திறந்தால் பிளகினின் ஷார்ட்கட்கள் எல்லாம் வேலை செய்கின்றன. புதிதாக ஒரு டாட் டெக்ஸ் ஃபைல் தொடங்கினால் எதுவும் நடப்பதில்லை. கொஞ்சம் எழுதி, சேமித்து, மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. என்ன காரணம் என்றே புரியவில்லை. — ஆய்வு மாணவி

பதில்: மூடித் திறந்தால் சரியாகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, விடை அதற்குள்ளேயே இருக்கிறது. டாட் டெக்ஸ் என்ற வாலுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ஒன்று டொனால்ட் க்னூத் உருவாக்கிய மூல டெக், இன்னொன்று அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக். இதில் எது என்று விம்மால் வாலை வைத்துச் சொல்ல முடியாது, அதனால் ஃபைலுக்கு உள்ளே எட்டிப் பார்க்கிறது. ‘டாக்குமென்ட்கிளாஸ்’ மாதிரியான லேடெக் கட்டளை கண்ணில் பட்டால் ‘டெக்ஸ்’ என்ற லேபிள் கொடுக்கும். ஒன்றும் இல்லாத புது ஃபைல் என்றால் பல பதிப்புகளில் ‘பிளெயின்டெக்ஸ்’ என்று முடிவு செய்துவிடும். உங்கள் பிளகின் ‘டெக்ஸ்’ லேபிளுக்காகக் காத்திருக்கிறது. நீங்கள் நாலு வரி எழுதி மூடித் திறந்த பிறகுதான் விம்முக்கு அது லேடெக் என்று தெரிகிறது.

விம்மின் அமைப்புகள் இருக்கும் விம்ஆர்சி ஃபைலில் ‘டெக்ஸ் ஃப்ளேவர்’ என்ற குளோபல் மாறிக்கு ‘லேடெக்’ என்று மதிப்புக் கொடுத்துவிடுங்கள், மாறியின் பெயரில் இரண்டு சொற்களுக்கும் நடுவே அடிக்கோடு வரும். ஒரே வரிதான். அதன் பிறகு வெற்று ஃபைலும் லேடெக்காகவே திறக்கும்.

இனி எந்த ஃபைலில் இந்தத் தொல்லை வந்தாலும், கோலன் போட்டு ‘வெர்போஸ் செட் ஃபைல்டைப்’ என்று அடித்துக் கடைசியில் ஒரு கேள்விக்குறி வையுங்கள். இப்போது என்ன லேபிள் இருக்கிறது என்பதோடு, அதைக் கடைசியாக ஒட்டியது எந்த ஸ்கிரிப்ட் என்பதையும் விம் சொல்லிவிடும். இரண்டு பிளகின்கள் ஒரே வாலுக்குச் சண்டை போடும்போது இந்த ஒரு வரி ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கும். சொந்தமாக விதி எழுதுபவர்களுக்கும் ஒன்று: ‘செட்ஃபைல்டைப்’ என்று சேர்த்து எழுதும் கட்டளை, ஏற்கெனவே லேபிள் விழுந்திருந்தால் ஒதுங்கிக்கொள்ளும். ‘செட் ஃபைல்டைப்’ என்று பிரித்து எழுதுவது பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒட்டும். ‘என் விதி ஏன் எடுபடவில்லை’ என்று கேட்பவர்கள் பல பேர் இந்த இடைவெளியில்தான் விழுந்திருக்கிறார்கள்.

விம்மின் பழைய பதிப்புகளில் டாட் எம்டி என்று முடியும் ஃபைலுக்கு மாடுலா-2 என்ற நிரல்மொழியின் லேபிள்தான் கிடைக்கும். 7.4 காலத்தில்தான் அது மார்க்டவுனுக்கு, அதாவது எளிய குறிகள் போட்டு எழுதிப் பக்கமாக மாற்றும் முறைக்கு, மாறியது. அதனால் பழைய கணினியில் மார்க்டவுன் பிளகின் எழும்பவில்லை என்றால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: கவிதைகளையும் மொழிபெயர்ப்புகளையும் மார்க்டவுனில் எழுதி வைக்கிறேன். போன மாதம் ஒரு நண்பர் சொன்னார் என்று ஃபைலைச் சுத்தம் செய்யும் பிளகின் ஒன்றைப் போட்டேன். இப்போது எடிட்டரில் வரி வரியாக இருக்கும் கவிதை, பக்கமாக மாற்றினால் ஒரே நீள வரியாக ஓடுகிறது. பிளகினை எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறது. — எழுத்தாளர், வாசகி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது. எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு நீண்ட பாடலை வரி பிசகாமல் அடித்து வைத்திருந்தேன், ஒரு முறை சேமித்ததில் வரிப்பிரிப்பு அத்தனையும் போய்விட்டது.

2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுனில் ஒரு விதி உண்டு. வரியின் கடைசியில் இரண்டு இடைவெளி விட்டு என்டர் தட்டினால்தான் அங்கே வரி உடையும். வெறுமனே என்டர் தட்டினால் அடுத்த வரி அதே பத்தியின் தொடர்ச்சியாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் கவிதையின் வரிப்பிரிப்பு முழுவதும் அவற்றில்தான் இருந்தது. நீங்கள் போட்ட பிளகின், சேமிக்கும் ஒவ்வொரு முறையும் வரிக்கடைசியில் இருக்கும் இடைவெளிகளைக் குப்பை என்று கூட்டித் தள்ளுகிறது. நிரல் எழுதுபவர்களுக்கு அது குப்பைதான், அவர்களுக்காகத்தான் அந்தப் பிளகினை எழுதியிருப்பார்கள். பிளகினை எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறது என்றால், அழிந்தது ஃபைலிலேயே அழிந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபைலின் பழைய நிலைகளைச் சேர்த்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர் என்றால் பழைய நிலைக்குப் போய் எடுத்துவிடலாம். இல்லையென்றால் பேக்கப்பில் தேடுங்கள். ஒன்றும் இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம், உங்கள் ஃபைலில் என்டர்கள் அப்படியே இருக்கின்றன. கவிதைப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியைத் தவிர மற்ற வரிகளின் கடைசியில் ஒரு பின்சாய்கோடு சேருங்கள். காமன்மார்க் என்ற விதிமுறையைப் பின்பற்றும் கருவிகள் எல்லாம் அதையும் வரி உடைப்பாக எடுத்துக்கொள்ளும். உங்கள் கருவி ஏற்கிறதா என்று இரண்டு வரியில் சோதித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால் இனி எப்போதுமே பின்சாய்கோடே போடுங்கள் என்பேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிக் கவிதையை வைக்கக் கூடாது.

அப்புறம், சுத்தம் செய்யும் வசதியை மொத்தமாக விட்டுவிடத் தேவையில்லை. ‘எடிட்டர்கான்ஃபிக்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் அந்தப் பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரு சின்ன ஃபைல் வைக்க வேண்டும். முதலில் எல்லா ஃபைலுக்கும் என்று நட்சத்திரக்குறி போட்ட பகுதியில் வரிக்கடைசி இடைவெளியை நீக்கு என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, டாட் எம்டி ஃபைல்களுக்கு மட்டும் நீக்காதே என்று இன்னொரு பகுதி. கீழே இருப்பதுதான் ஜெயிக்கும், அதனால் வரிசை முக்கியம். சில எடிட்டர்கள் இதைத் தானாகவே படிக்கும், வி.எஸ். கோடுக்கு இதற்கென்று தனியாக ஒரு பிளகின் போட வேண்டும்.

அதே ஃபைலில் இன்னும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளச் சொல்வேன், இந்தக் கேள்வியைப் படிக்கும் நிரலாளர்களுக்காக. 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய, நிரல்களைத் தொகுத்துக் கட்டும் மேக் என்ற கருவிக்கு உரிய மேக்ஃபைலில், கட்டளை வரி ஒவ்வொன்றும் டேப்பில்தான் தொடங்க வேண்டும். டேப்பை இடைவெளியாக மாற்றும் பிளகின் அதைத் தொட்டால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று பிழை வந்து நிற்கும், பார்க்கிற கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அமைப்புகளை எழுதப் பயன்படும் யாம்ல் ஃபைலில் நேர்மாறு, உள்தள்ளலுக்கு டேப் வரவே கூடாது. ‘எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்து’ என்று ஒரே விதி வைத்தால் இந்த இரண்டில் ஒன்று கண்டிப்பாக உடையும். ஆகவே மேக்ஃபைலுக்கு டேப், யாம்லுக்கு இடைவெளி என்று தனித்தனியே எழுதிவிடுங்கள். மேக்ஃபைலுக்கு வாலே கிடையாது, முழுப் பெயரையே கொடுக்க வேண்டும்.

கேள்வி: நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸைப் புதிதாக மாற்றியதும் பழைய பிளகின்கள் மெனுவிலிருந்தே காணாமல் போய்விட்டன. டிஎல்எல் (பிளகினின் நிரல் இருக்கும்) ஃபைல்களை எடுத்து பிளகின்ஸ் ஃபோல்டரில் போட்டாலும் வரவில்லை. — ஒரு வாசகர்

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். முதலாவது, 7.6 பதிப்பிலிருந்து ஃபோல்டர் அமைப்பு மாறிவிட்டது. டிஎல்எல்லைப் பிளகின்ஸ் ஃபோல்டரில் அப்படியே போட்டால் கண்டுகொள்ளாது. அந்த டிஎல்எல் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் செய்து, அதற்குள் அதை வைக்க வேண்டும், பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இரண்டாவது, பழையது 32 பிட், புதியது 64 பிட் என்றால் பழைய டிஎல்எல்லை எங்கே வைத்தாலும் ஏறாது. உதவி மெனுவில் ‘டீபக் இன்ஃபோ’ என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்தால் உங்களுடையது எத்தனை பிட் என்று முதல் வரிகளிலேயே தெரியும். கையால் போடுவதை விட்டுவிட்டு, உள்ளேயே இருக்கும் ‘பிளகின்ஸ் அட்மின்’ வழியாகத் தேடுங்கள், அது உங்கள் பதிப்புக்குப் பொருந்துவதைத்தான் காட்டும். அதில் 64 பிட்டுக்கு இல்லாத பிளகின் ஒன்று உங்களுக்கு உயிர் என்றால், 32 பிட் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸையே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

கேள்வி: வேர்ட் ஃபைலின் வாலை டாட் டிஎக்ஸ்டி என்று மாற்றினால் எழுத்துப்பிழை பார்க்கும் பிளகினில் ஓட்டலாமா? மாற்றிப் பார்த்தேன், புரியாத குறிகளாக வருகிறது. — ஒரு வாசகி

பதில்: முடியாது. டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. நீங்கள் பார்த்ததில் முதல் இரண்டு எழுத்து ‘பி’, ‘கே’ என்று இருந்திருக்கும், அது ஜிப்பின் அடையாளம். அந்த நிலையில் சேமித்துவிடாமல் மூடுங்கள், சேமித்தால் மூட்டை உடைந்துவிடும். பெயரைப் பழையபடி மாற்றி, வேர்டில் திறந்து, ‘சேவ் ஆஸ்’ போய் பிளெயின் டெக்ஸ்ட் என்று சேமியுங்கள். அப்போது எழுத்துக் குறியாக்கம் எது என்று கேட்டால் யூ.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

கேள்வி: தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றை சிஎஸ்வி ஃபைலாக வைத்திருக்கிறேன். எக்செலில் தமிழ் சரியாகத் தெரிகிறது. எடிட்டரில் எழுதிய சின்ன ஸ்கிரிப்டில் முதல் பத்தியின் தலைப்பு ‘எண்’ என்று கொடுத்தால் அப்படி ஒரு பத்தியே இல்லை என்கிறது. கண்ணால் பார்த்தால் இருக்கிறது! மற்ற பத்திகளில் தொல்லை இல்லை. — அகராதி வேலை செய்பவர்

பதில்: முதல் பத்திக்கு மட்டும் வருகிறது என்பதாலேயே தைரியமாகச் சொல்கிறேன், ஃபைலின் தொடக்கத்தில் பி.ஓ.எம். உட்கார்ந்திருக்கிறது. யூ.டி.எஃப்-8 ஃபைல் என்று காட்ட முதலில் வைக்கப்படும் மூன்று பைட் குறி அது. திரையில் தெரியாது, ஆனால் ஸ்கிரிப்டின் கண்ணுக்கு உங்கள் முதல் தலைப்பு ‘எண்’ அல்ல, அந்தக் குறியும் ‘எண்’ணும் சேர்ந்த வேறொரு சொல்.

அதை எடுத்துவிடுங்கள் என்று நான் சட்டென்று சொல்ல மாட்டேன். எக்செலில் தமிழ் சரியாகத் தெரிவதற்கு அந்தக் குறிதான் காரணமாக இருக்கும். எடுத்துவிட்டால், அதே ஃபைலை இருமுறை கிளிக் செய்து திறக்கும்போது தமிழ் குழம்பலாம். பைத்தானில் எழுதுகிறீர்கள் என்றால் ஃபைலைத் திறக்கும் இடத்தில் குறியாக்கத்தின் பெயரை யூ.டி.எஃப்-8 என்பதற்குப் பதில் ‘யூ.டி.எஃப்-8-சிக்’ என்று கொடுங்கள், குறி இருந்தால் நீக்கிவிட்டுப் படிக்கும், இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை. எக்செல் வேண்டவே வேண்டாம் என்றால் மட்டும் குறியை நீக்குங்கள். வி.எஸ். கோடின் கீழ் ஓரத்தில் குறியாக்கத்தின் பெயர் இருக்கும், அதைத் தட்டினால் இரண்டு வழி காட்டும்: ‘ரீஓப்பன்’, ‘சேவ்’. முதலாவது, இருக்கும் பைட்டுகளை வேறு விதமாகப் படித்துக் காட்டும், ஃபைல் மாறாது. இரண்டாவது ஃபைலையே மாற்றி எழுதும். எழுத்து குழம்பித் தெரியும்போது முதலாவதைத்தான் செய்ய வேண்டும். குழம்பிய நிலையிலேயே ‘சேவ்’ கொடுத்தால் குழப்பம் நிரந்தரமாகிவிடும், இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

கேள்வி: பெரிய லாக் ஃபைலைத் திறந்தால் மட்டும் வி.எஸ். கோடில் நிறம் வருவதில்லை. லேபிள் எல்லாம் சரியாக இருக்கிறது. — ஒரு வாசகர்

பதில்: அளவுதான் காரணம். 20 எம்பிக்கு மேல், அல்லது 3 லட்சம் வரிக்கு மேல் போனால் எடிட்டர் நிறம் போடுவது போன்ற வேலைகளை நிறுத்திவிடும். ‘லார்ஜ் ஃபைல் ஆப்டிமைசேஷன்ஸ்’ என்ற செட்டிங்கை அணைத்தால் நிறம் வரும், ஆனால் மெதுவாகும். நான் அணைப்பதில்லை, லாகை வெட்டித் தேவையான பகுதியை மட்டும் திறக்கிறேன்.

கேள்வி: ஈமேக்ஸ் எடிட்டரின் 29-ஆம் பதிப்புக்கு மாறி, பைத்தானுக்கு ட்ரீ-சிட்டர் (நிரலின் அமைப்பை அலசிப் பார்க்கும்) வசதியையும் இயக்கினேன். நிறமெல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் நான் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பைத்தான் பிளகின்களும் ஷார்ட்கட்களும் எழும்பவே இல்லை. — ஒரு வாசகர்

பதில்: வாலும் அதே, உள்ளடக்கமும் அதே, மாறியது லேபிள்தான். ஈமேக்ஸில் லேபிளுக்கு மோட் என்று பெயர். முன்பு அது ‘பைத்தான் மோட்’, இப்போது ‘பைத்தான் டிஎஸ் மோட்’. உங்கள் அமைப்புகள் பழைய மோடின் ஹூக்கில் (மோட் தொடங்கும்போது ஓடும் வேலைப் பட்டியலில்) மாட்டியிருக்கின்றன, புதியது வேறு மோட் என்பதால் அந்த ஹூக் ஓடாது. இரண்டுக்கும் பொதுவாக ‘பைத்தான் பேஸ் மோட்’ என்று ஒன்றை 29-இல் வைத்திருக்கிறார்கள். உங்கள் சொந்த வரிகளை அதன் ஹூக்குக்கு மாற்றிவிட்டால் எந்த மோடில் திறந்தாலும் வேலை செய்யும். பிறர் எழுதிய பிளகின் பழைய மோடின் பெயரைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருந்தால், புதிய பதிப்பு வரும்வரை அந்த மொழிக்கு மட்டும் பழைய மோடிலேயே இருங்கள்.

கேள்வி: ஆட்டம் எடிட்டரில் எங்கள் குழுவின் சொந்த ஃபைல் வகை ஒன்றுக்கு நிறம் போட ஒரு பிளகின் எழுதி வைத்திருந்தோம். வேறு எடிட்டருக்கு அதை அப்படியே கொண்டுபோக முடியுமா? — ஒரு வாசகி

பதில்: ஆட்டம் 2022 டிசம்பர் 15-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது, அதனால் எப்படியும் மாறித்தான் ஆக வேண்டும். மெனு, ஷார்ட்கட், சேமிக்கும்போது நடக்கும் வேலைகள் போன்றவற்றைப் புதிதாகத்தான் எழுத வேண்டும். ஆனால் நிறம் போடும் இலக்கண ஃபைல் தப்பிக்கும். டெக்ஸ்ட்மேட் முறையில் எழுதிய இலக்கணம் என்றால் அதே முறையைத்தான் வி.எஸ். கோடும் படிக்கிறது. ஆட்டமில் அது ஜேசனின் உறவான சிசன் வடிவில் இருந்திருக்கும், அதை ஜேசனாக மாற்றிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்கோப் பெயரை (இலக்கணத்தின் அடையாளப் பெயர்) மாற்ற வேண்டாம். பிறகு புதுப் பிளகினின் பேக்கேஜ் ஃபைலில் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். ‘லாங்வேஜஸ்’ பகுதியில் உங்கள் லேபிளின் பெயரும் ஃபைலின் வாலும், ‘கிராமர்ஸ்’ பகுதியில் அதே லேபிளும் அந்த ஸ்கோப் பெயரும் இலக்கண ஃபைல் இருக்கும் பாதையும். வாலைக் கொடுக்கும்போது முன்னால் புள்ளியைச் சேர்த்தே கொடுங்கள், அதை விட்டுவிட்டு நிறம் வரவில்லையே என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.